டெல்மர் ரீபக்கும் டச்சஸின் மணியும்

டெல்மர் ரீபக் எங்கே போனாலும் இரண்டு தடவை கிளம்புவார். முதல் தடவை கிளம்பித் தெருமுனை வரை போனதும், அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வந்து வண்டியைத் திருப்புவார். அடுப்பு அணைந்துதான் இருக்கும். அதனால் முதல் தடவை கிளம்பும்போது அவர் மனைவி ஃபெர்ன் வாசலுக்கு வந்து டாட்டா காட்டுவதே இல்லை. ஒரேயடியாக இரண்டாம் தடவைக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று சமையலறையிலேயே இருந்துவிடுவாள்.

பென்சில்வேனியாவின் மலைப் பண்ணைகளில் பால் சேகரிக்கும் டாங்கர் லாரியை முப்பத்தாறு வருஷம் ஓட்டியவர் அவர். ஒரு நாள்கூட மூடியைத் திருகாமல் வண்டியை எடுத்ததில்லை. இதை அவரே சொல்வார், யாரும் கேட்காமலே. பால் வண்டியை விட்ட பிறகு அந்த ஜாக்கிரதை போவதற்கு வேறு இடம் வேண்டுமே? அது நேராகத் துப்பாக்கிக் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவரும் நண்பர்களும் சுடுவது, வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கியில். முதலில் கரிமருந்தைக் கொட்டவேண்டும். அப்புறம் எண்ணெய் தடவிய சின்னத் துணியில் ஈயக்குண்டை வைத்து, நீளக் கோலால் அடி வரை இடிக்கவேண்டும். பிறகு பக்கத்திலிருக்கும் கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் பொறி தட்டும், கிண்ணி பற்றும், கண்ணிமைக்கிற நேரம் கழித்து உள்ளே இருப்பது வெடிக்கும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் வேட்டைக்கு இந்தத் துப்பாக்கியைத்தான் எடுத்துப் போகலாம், வேறு கூடாது.

இதில் ஆட்கள் செய்கிற அசட்டுத்தனம் ஒன்று உண்டு. பேச்சு சுவாரஸ்யத்தில் மருந்து போடாமலே குண்டை இடித்துவிடுவது. கிண்ணி மட்டும் புஸ்ஸென்று எரியும். குண்டு அடியில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும், வெளியே வராது. சுடுதளத்தில் இதற்குத் தண்டனை ஏற்படுத்தியவரே டெல்மர்தான். அவர் பால் எடுத்த பண்ணை ஒன்றில் டச்சஸ் என்ற பசு செத்தபோது அதன் கழுத்து மணியைக் கேட்டு வாங்கி வந்தார். எவன் மருந்தில்லாமல் கெட்டிக்கிறானோ அவன் அன்று முழுக்க மணியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவேண்டும். அடுத்த அசடு அகப்படும் வரை தன்னிடமே வைத்துக் காப்பாற்றவும் வேண்டும். ஊரில் அநேகமாக எல்லார் கழுத்தையும் அந்த மணி பார்த்துவிட்டது. டெல்மரின் கழுத்தை மட்டும் பார்க்கவில்லை.

"கெட்டிக்கும்போது வாயை மூடுங்கடா. அவ்வளவுதான் ரகசியம்" என்பார். மணியைப் பிறர் கழுத்தில் மாட்டும்போது அவர் முகத்தில் ஒரு பாதிரியாரின் சாந்தம் தெரியும்.

தற்சமயம் மணி, எல்வுட் ஸெர்பியின் லாரியில் இருந்தது. மூன்றாவது முறையாக. எல்வுட் டெல்மரின் பள்ளித்தோழன், கூரை வேலை பார்த்தவன், வாயை மூடத் தெரியாதவன்.

போன வருஷம் வேட்டையில் டெல்மர் ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு காயம், துப்பாக்கிக் கட்டை இரண்டாகப் பிளந்துபோயிற்று. இருட்டிய பிறகு நொண்டிக்கொண்டே காட்டை விட்டு வந்தார். ஃபெர்ன் டார்ச்சை ஏந்தியபடி காட்டு விளிம்பில் நின்று, அவர் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தாள். அன்று ஒன்றும் சொல்லவில்லை. புதுத் துப்பாக்கி வந்து இறங்கிய அன்றுதான் சொன்னாள்.

"உன் புதுப் பொண்டாட்டி அழகாத்தான் இருக்கா. ஆனா ஒண்ணு. ஐம்பது கஜத்துல நான் ஒரு தட்டு வைப்பேன். அஞ்சு குண்டுல மூணு தட்டுல படணும். படலைன்னா இனிமே தனியா காட்டுக்குப் போறதில்ல. எல்வுட் கூடப் போகணும்."

"எல்வுட் கூடவா? அவன் பேசற பேச்சுல மானெல்லாம் அடுத்த மாவட்டத்துக்குப் போயிடும்!"

"அப்ப தட்டுல சுடு."

டெல்மருக்குக் காடு என்றால் தனியாக இருக்கும் காடுதான். வருஷம் முழுக்க ஊர் வாயைக் கேட்கிறவருக்கு அந்தச் சில நாள் மௌனம்தான் சம்பளம். ஆனால் அவர் மனைவியிடம் சொல்லாத ஒன்று இருந்தது. சில மாதமாகத் தேவாலயத்தில் பாட்டு எண் எழுதிய பலகை அவருக்குக் கலங்கித் தெரிந்தது. கண் போய்விட்டதோ என்ற பயம். பக்கத்தில் இருப்பவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போனார்கள். தகரக் கொட்டகை, நடுவில் இரும்பு அடுப்பு, அதன்மேல் யாரோ வைத்த பீன்ஸ் சூப். ஃபெர்ன் தேவாலய விருந்தில் மிஞ்சிய காகிதத் தட்டுக் கட்டோடு வந்தாள். விளிம்பெல்லாம் பச்சை இலையும் சிவப்புப் பழமும் அச்சிட்ட தட்டு. ஐம்பது கஜம் தள்ளி நின்ற இலக்கு அட்டையின் நடுவில் ஒன்றைக் குத்திவிட்டு வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். எல்லாரும் காது மூடியை மாட்டியிருந்ததால் புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் ஊர்க்கூட்டம் போலக் கத்தலாகவே நடந்தது.

"பயப்படாத டெல்!" என்று கத்தினாள் ஃபெர்ன்.

"யார் பயப்படறா?"

"அப்ப ஏன் மூணாவது தடவையா அந்தக் கல்லைத் தொடைக்கற?"

எல்வுட் சூப் கிண்ணத்தோடு பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். "ஃபெர்ன், தட்டு சின்னதா இருக்கே. சாண்ட்விச் தட்டுதானே இது? பெரிய தட்டு இல்லையா? பாவம், கிழவன்."

"எனக்கும் உனக்கும் ஒரே வயசுடா" என்றார் டெல்மர், வாயைத் திறக்காமல் பல்லிடுக்கில். கெட்டிக்கும் நேரம் அல்லவா?

முதல் குண்டு தட்டின் மேல்பக்கம் பட்டது. ஃபெர்ன் தொலைநோக்கியில் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினாள். இரண்டாவது தட்டுக்குக் கீழே அட்டையில் போய்த் துளைத்தது. மூன்றாவது பட்டது. நான்காவது மறுபடி கீழே, இரண்டாவதன் பக்கத்திலேயே.

குழாய் நுனியிலிருக்கும் குறிமுனை அவருக்கு நன்றாகத்தான் தெரிந்தது. தட்டுதான் கொஞ்சம் கலங்கியது. கண்தான், வேறென்ன? இன்னும் ஒரு குண்டு. அதுவும் போனால், இனி வாழ்நாள் முழுக்க எல்வுட்டின் முழங்கால் ஆபரேஷன் கதையைக் கேட்டுக்கொண்டே மானுக்குக் காத்திருக்கவேண்டும்.

"டெல், ஃபெர்னோட கண்ணாடியை வேணா வாங்கிப் போட்டுக்கயேன்" என்றான் எல்வுட். "அவளோடது பூப்போட்ட ஃப்ரேம். மானுக்கும் பிடிக்கும்."

கண் என்ற சொல்லை மட்டும் அவன் தொட்டிருக்கக்கூடாது. டெல்மர் திரும்பினார். இத்தனை வருஷ நியமம் அந்த நிமிஷம் உடைந்தது. வாயைத் திறந்தார்.

"கண்ணைப் பத்தி நீ பேசறியா? போன ஈஸ்டருக்கு உன் சித்தப்பா அடக்கத்துல, சவப்பெட்டிக்காரனையே சித்தப்பான்னு நினைச்சுக் கையைப் பிடிச்சுக் குலுக்கினவன்தானே நீ? அழுது வேற வச்ச!"

"அவன் மீசை அப்படி இருந்துச்சுடா!"

"உன் சித்தப்பாவுக்கு மீசையே கிடையாது! செத்தும் போயிருந்தார்!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. டெல்மருக்கே உற்சாகம் பிறந்துவிட்டது. பேசிக்கொண்டே துணியை வைத்தார், குண்டை வைத்தார், கோலால் இடித்தார், கிண்ணியில் மருந்து தூவினார். துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, மூச்சைப் பிடித்து, விசையை இழுத்தார்.

கிண்ணி புஸ்ஸென்று எரிந்தது. அவ்வளவுதான்.

டெல்மர் துப்பாக்கியை இறக்கவில்லை. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும், ஆகவே இலக்கை நோக்கியே பிடித்திருக்கவேண்டும் என்பது விதி. அதையும் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். வெடிக்காது என்பது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். அடுப்பில் சூப் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் பெஞ்சில், அளந்து வைத்த மருந்து, அளவுக்குழலில் அப்படியே இருந்தது.

எல்வுட் எழுந்தான். ஆபரேஷன் செய்த முழங்காலோடு அவன் லாரியை நோக்கிப் போன வேகத்தை, அதைச் செய்த டாக்டர் பார்த்திருக்கவேண்டும்.

மணி டெல்மரின் கழுத்தில் ஏறியது. ஊரே கைதட்டியது. மணி மாட்டி அனுபவப்பட்ட கழுத்துகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவர் கையைக் குலுக்கின. எல்வுட்டின் கண்ணில் நிஜமாகவே நீர் தளும்பியது.

"மருந்தில்லாத குண்டும் குண்டுதான்" என்றான் அவன். "அஞ்சு ஆச்சு. தோத்தாச்சு. டெல், வேட்டை அன்னிக்கு விடியக்காலை நாலு மணிக்கு வந்து ஹாரன் அடிக்கறேன், ரெடியா இரு."

டெல்மர், கிண்ணியிலிருந்து குழாய்க்குள் போகும் துளை வழியாகக் கொஞ்சம் மருந்தைத் திணித்து, உள்ளே மாட்டிய குண்டை மண்மேட்டை நோக்கி வெளியேற்றினார். இருமல் போல ஒரு சத்தத்தோடு அது போய் விழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். மணி ஒருமுறை டொக்கென்றது.

"ஃபெர்ன், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றார், காது மூடியைக் கழற்றிவிட்டு. "என் கண்ணு சரியில்ல. கொஞ்ச நாளாவே."

"தெரியும். போன வாரம் தேவாலயத்துல நீ பாடினது பக்கத்துல நின்ன மரியா டாட்டரோட பாட்டுப் புக்கைப் பார்த்து. அவளும் தப்பான பாட்டைத்தான் வச்சிருந்தா."

"அப்ப முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? எனக்கு ஒண்ணு புரியல டெல்." அவள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். "துப்பாக்கி வெடிக்கவே இல்ல. அப்புறம் எதுக்குக் குழாய் கீழ குனிஞ்சுது?"

"குனிஞ்சுதா?"

"கும்பிடு போட்டுச்சு. உன் கண்ணும் இறுக்கி மூடியிருந்துச்சு, நான் பக்கவாட்டுல இருந்துதான பார்த்தேன்."

கொட்டகையில் சிரிப்பு நின்றது. இது எல்லாருக்கும் தெரிந்த வியாதி. கிண்ணி பற்றும் நொடியில் பயந்து உடம்பு துள்ளுவது, குழாய் குனிந்து குண்டு கீழே போவது. வெடித்தால் அந்தத் துள்ளல் உதைப்பில் மறைந்துபோகும், யாருக்கும் தெரியாது. வெடிக்காதபோதுதான் அம்மணமாகத் தெரியும். புதுத் துப்பாக்கியின் கிண்ணி பழையதைவிடப் பெரிது. டெல்மரோ ஜாக்கிரதைக்காக அதை வழிய வழிய நிரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன தீபாவளி.

"புதுப் பொண்டாட்டிக்குப் பயப்படறான்!" என்று எல்வுட் சொன்னான். ஆனால் குரலில் பழைய எகத்தாளம் இல்லை. கிண்ணியைக் குனிந்து பார்த்து, "பாதி போடுடா, போதும். இது கிண்ணியா, சூப் தட்டா?" என்றான்.

ஃபெர்ன் தீர்ப்புச் சொன்னாள். "நான் தட்டு வச்சவ. எனக்கு டப்புன்னு கேக்கணும். அது டப்புன்னு கேக்கல, தும்மல்தான். கணக்கில்ல. இன்னொண்ணு சுடு. ஆனா மணி கழுத்துலயே இருக்கட்டும். வெடிக்கறதுக்கு முன்னால மணி அடிச்சுதுன்னா நீ பயந்துட்டன்னு அர்த்தம். அப்ப தட்டுல பட்டாலும் எல்வுட்தான்."

டெல்மர் கெட்டித்தார். இந்த முறை மருந்தை முதலில் போட்டார், போட்டதை எல்லாருக்கும் காட்டினார். எல்வுட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஃபெர்ன் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து அதில் திணித்தாள். கிண்ணியில் பாதிதான். துப்பாக்கி தோளில் ஏறியது. மணி மார்பில் தொங்கியது. அது அசையாமல் இருக்கவேண்டும் என்ற ஒரே கவலையில் அவர் தீயை மறந்தார், கண்ணை மறந்தார். சுடுவது துப்பாக்கியா மணியா என்ற சந்தேகமே அவருக்கு வந்துவிட்டது.

கிண்ணி பற்றியது. மணி பேசவில்லை. டப்! அதற்கப்புறம்தான் மணி கணகணவென்று அடித்தது, டச்சஸ் மேய்ச்சலிலிருந்து ஓடிவருகிற மாதிரி.

எல்லாருமாக நடந்து போய்ப் பார்த்தார்கள். துளை தட்டின் விளிம்பில், ஒரு சிவப்புப் பழத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது.

"பார்டர்!" என்றான் எல்வுட், ரொட்டியை விழுங்கிக்கொண்டே. "பார்டர் தட்டாகுமா?"

"உன் வீட்டுல குழம்பு எதுவரைக்கும் ஓடும்? பார்டர் வரைக்கும் ஓடி நிக்குமில்ல? அதுவும் தட்டுதான்" என்றாள் ஃபெர்ன். தட்டை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை கண் டாக்டர். அதுல பேச்சே கிடையாது."

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விடியலில், புதுக் கண்ணாடியோடு டெல்மர் கிளம்பினார். மணிக்குள் அவள் ஒரு கம்பளிக் காலுறையை அடைத்து, அதை அவர் இடுப்புப் பையில் கட்டியிருந்தாள்.

"மான் பக்கத்துல அடிக்காது. விழுந்தேன்னா காலுறையை உருவிட்டு ஆட்டு. இருட்டினா தேடி வருவேன், எனக்குக் கேக்கும். போன வருஷம் மாதிரி என்னால கத்த முடியாது."

"நான் விழமாட்டேன்."

"மருந்தில்லாம கெட்டிக்கவும்தான் மாட்டேன்ன."

வண்டி தெருமுனை வரை போனது. நின்றது. திரும்பியது. டெல்மர் இறங்கி வாசலுக்கு வந்து, "அடுப்பு..." என்று ஆரம்பித்தார்.

ஃபெர்ன் அன்றைக்கு வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் அவருடைய மருந்துக் கொம்பு, கரிமருந்தை அடைத்துத் தோளில் மாட்டிப் போகும் மாட்டுக் கொம்பு. நிறைய மருந்தோடு, சமையலறை மேஜையில் அவர் வைத்துவிட்டுப் போனது. அதை நீட்டினாள். அவர் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

வண்டி மறுபடி கிளம்பும்போதுதான் அவள் டாட்டா காட்டினாள். அடைத்த மணி பைக்குள் கனமாக இடித்துக்கொண்டு போனது.