பூஜைக்கு அணைத்த மெஷின்

பானுப்பிரியாவைத் திட்டுவதற்கு எனக்கு நேரம் காலம் கிடையாது. இப்போதும் அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறேன். அவள் விடமாட்டாள். கிட்டே வந்து, "இன்னா ரேணுகாக்கா, எப்டி கீற?" என்பாள். இன்னும் சாகவில்லை என்பேன். அதற்கும் சிரிப்பாள். ஒருத்தி முறைக்கிறாள் என்றால் பதிலுக்கு முறைக்கவாவது தெரிய வேண்டாமா?

அவள் கஸ்தூரியின் நாத்தனார். கஸ்தூரியும் நானும் அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு ரப்பர் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருந்தோம். ஆயில் சீல் என்று சொல்வார்கள், வண்டி எஞ்சினிலிருந்து எண்ணெய் கசியாமல் இருக்கப் போடுகிற கறுப்பு வளையம். அச்சிலிருந்து வந்ததை ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் கீறல் இருந்தால் சிவப்புத் தொட்டி, இல்லாவிட்டால் பச்சைத் தொட்டி. கேட்பதற்குச் சுலபம். நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோற்றுத் தட்டின் விளிம்பிலும் கண் கீறலைத் தேடும்.

பானு ஆவடிப் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் படித்தவள். படித்து முடித்துவிட்டு, இன்டர்வியூ இன்டர்வியூ என்று முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஊரின் அந்தக் கோடிக்கு அலைந்தாள். ஓரிடத்தில் இங்கிலீஷ் வரவில்லை என்றார்கள். இன்னோரிடத்தில் அனுபவம் இல்லை என்றார்கள். வேலையே தராமல் அனுபவம் எந்தக் கடையில் விற்கும் என்று தெரியவில்லை. கடைசியில் கஸ்தூரிதான் சூப்பர்வைசர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அவளை எங்கள் மேசையில் உட்கார வைத்தாள்.

சீல் பார்ப்பதில் பானு சுத்த மோசம். எதையோ யோசித்துக்கொண்டே கீறல் விழுந்ததைப் பச்சையில் போடுவாள். எங்களில் மூத்தவள் வேம்புலியம்மாள். "படிச்ச கண்ணு, கையில கீறது தெரியல" என்பாள். பானு அசடு வழிவாள். அவள் போட்டதை எல்லாம் கஸ்தூரி திரும்ப ஒரு தடவை பார்ப்பாள்.

போன வருஷம் கோடையில் கேமரா மெஷின் வந்தது. சீல் ஒரு பட்டையில் ஓடும், மேலே கேமரா படம் பிடிக்கும், பக்கத்துக் கம்ப்யூட்டர் நல்லதா கெட்டதா என்று சொல்லும். அது லினக்ஸில் ஓடுகிற கம்ப்யூட்டர், உள்ளே விலை அதிகமான ஒரு கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, அதுதான் அதற்கு மூளை என்றார்கள். மூளை இருந்ததே தவிர, கீறல் எது என்று அதற்குத் தெரியாது. நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். இது கீறல், இது கொப்புளம், இது அழுக்கு, துடைத்தால் போய்விடும் என்று நாங்கள் காட்டக் காட்ட, பானு கீபோர்டில் தட்டித் தட்டி அதற்குள் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் ஆடி மாசம் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் காரணமெல்லாம் யாரும் சொல்வதில்லை. மெஷினைப் பார்த்துக்கொள்ள பானுவை மட்டும் வைத்துக்கொண்டார்கள், அவளையும் கான்ட்ராக்டில்தான்.

அதற்காக அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அது கம்பெனி செய்த வேலை.

ஆயுத பூஜைக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. பொரியும் ஸ்வீட் டப்பாவும் கொடுப்பார்கள். திரும்ப எடுப்பார்களா என்று கேட்டுப் பார்க்கலாம் என்று போனோம். எல்லா மெஷினையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கேமரா மெஷின் மட்டும் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது, பூஜையன்னிக்குக் கூட ஓடிகினு கீது?" என்றாள் கஸ்தூரி.

"அத்த அணைக்கக் கூடாதாம் அண்ணி. சப்ளையர் சொல்லிட்டுப் போயிக்கிறான்."

"அவன் ஊர்ல ஆயுத பூஜை கெடையாது போல. தொழில் பண்ற சாமான் ஒரு நாளாச்சும் படுக்கணும். அப்பதான் சாமி வந்து உக்காரும். அணைடி."

அண்ணி சொன்னால் பானுவுக்கு மறு பேச்சு கிடையாது. அணைத்தாள். கஸ்தூரி தன் முந்தானையாலேயே அந்தப் பெட்டியைத் துடைத்து, பட்டையாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். தன் சோற்றில் மண்ணைப் போட்ட பெட்டிக்கு அவள் பொட்டு வைக்கிறாள்!

மறுநாள் விஜயதசமி. எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டி, எல்லா மெஷினையும் ஓட்டினார்கள். எல்லாம் ஓடியது. கேமரா மெஷினுக்கு உயிர் வந்தது, மூளை வரவில்லை. கிராஃபிக்ஸ் கார்டே இல்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. கார்டு உள்ளேயே குத்துக்கல் மாதிரி இருக்கிறது.

என்ன நடந்தது என்று பானு பிறகு எங்களுக்குச் சொன்னாள். அந்தக் கம்ப்யூட்டர் இத்தனை மாதமாகத் தானாகவே நெட்டிலிருந்து புதுசு புதுசாக எதையோ இறக்கி உள்ளே வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அணைக்காமல் ஓடின வரைக்கும் பழையபடியே ஓடியது. அணைத்துப் போட்டதும் புது ஆளாக எழுந்துவிட்டது. கார்டை அதோடு பேச வைக்கிறதுக்கு டிரைவர் என்று ஒன்று உண்டு. பழைய டிரைவருக்கு இந்தப் புது ஆள் யாரென்றே தெரியவில்லை. புது டிரைவரைப் போட்டால் கேமரா மென்பொருளுக்குப் பிடிக்கவில்லை.

"அது கல்யாண ஊடு மாதிரிக்கா," என்றாள். "மாமா வந்தாத்தான் அத்தை வருவாங்க. அத்தை வந்தா சித்தப்பா வரமாட்டாரு. சித்தப்பா இல்லாம தாலி கட்ட முடியாது. அப்டித்தான் கம்ப்யூட்டர்ல ஒரு பேக்கேஜ் போட்டா இன்னொண்ணு மொறச்சிக்குது."

"சித்தப்பாவுக்கு ஒரு குவாட்டர் வாங்கிக் குடு, தானா வருவாரு" என்றாள் வேம்புலியம்மாள்.

சிரித்தோம். சிரிப்பு வராமல் என்ன? அந்தப் பெட்டி படுத்ததால்தான் மேனேஜர் ரகுநாதன் எங்களுக்குப் போன் போட்டு ஓடி வரச் சொல்லியிருந்தார். குடோனில் போட்டிருந்த எங்கள் மேசையை மறுபடி இழுத்துவந்து போட்டார்கள். சப்ளையரோ, எங்களைக் கேட்காமல் ஏன் அணைத்தீர்கள், ஆள் வரும்போது வரும் என்று கையை விரித்துவிட்டான். மெஷின் இன்னும் சொந்தமில்லை, தீபாவளி வரைக்கும் சோதனைக்கு வந்தது. ரகுநாதன் எங்கள் மேசைக்கு முன்னால் நின்றே சொன்னார்: "தீபாவளிக்குள்ள இது சரியாகலைன்னா முதலாளிகிட்ட சொல்லித் திருப்பி அனுப்பிடுவேன். உங்களையே வெச்சிக்கறேன்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் கஸ்தூரி எங்கள் எல்லோர் எதிரிலும் பானுவிடம் கேட்டாள்.

"தபாரு பானு, நீ எதையும் கெடுக்க வேணாம். சும்மா இரு, போதும். தீபாவளி தாண்டட்டும். அப்பால நீயும் இங்கியே எங்க பக்கத்துல வந்து உக்காந்துக்க."

"செரி அண்ணி" என்றாள் பானு. சொல்லிவிட்டுத் தன் டப்பாவிலிருந்த உருளைக்கிழங்கை அண்ணியின் மூடியில் எடுத்து வைத்தாள். மனசறிந்துதான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள் என்றபோது அவள் முகம் ஒரு நொடி சுருங்கியதை நான் பார்த்தேன்.

கஸ்தூரிக்கு இந்த வேலை எவ்வளவு அவசியம் என்று சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் சிவராமன் லோடு வண்டி ஓட்டுகிறவன். முதுகெலும்பு நழுவி, ஒரு வாரம் ஓட்டினால் மூன்று வாரம் படுக்கை. வீட்டில் அடுப்பு எரிவது கஸ்தூரி கையில் இருந்தது. பானுவுக்கும் இது தெரியும். அந்த வீட்டில்தானே அவளும் சாப்பிடுகிறாள்.

மேனேஜர் கண்ணுக்கு முன்னால் சும்மா உட்கார முடியாது என்று பானு அந்தத் திரை முன்னாலேயே இருந்தாள். முதலில் நடிப்பாகத்தான் இருந்தது. போகப் போக அவள் உதடு தானாக அசைய ஆரம்பித்தது. டீ ஆறிப்போகும், தெரியாது. கூப்பிட்டால் காது கேட்காது. சீல் பார்க்கும்போது எங்கேயோ போகிற புத்தி, அங்கே ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒருநாள் கஸ்தூரி எழுந்து போய் அவள் தோளை உலுக்கினாள்.

"இன்னாடி பண்ணிகினு கீற?"

"சும்மாதான் அண்ணி பாக்கறேன். ஏன் வரமாட்டேங்குதுன்னு தெரிஞ்சிக்கினா போதும். சரி பண்ணல்லாம் மாட்டேன்."

எனக்கு அப்போதே பகீரென்றது. முடிச்சு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு அவிழ்க்காமல் விடுகிற கை எங்கே இருக்கிறது? கஸ்தூரியிடம் சொன்னேன். "எங்க பானு அப்டிப் பண்ணாதுடி" என்றாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியான டீ முடிந்து நாங்கள் மேசைக்குத் திரும்பிய நேரம். பானு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினாள்.

"அண்ணீ! வந்துட்சி அண்ணி! வந்துட்சி!"

கம்பெனி முழுக்கக் கேட்டது. அந்தக் கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் அடியோடு வெளியே அனுப்பிவிட்டு, புது ஆளோடும் ஒத்துப்போகிற, கேமராவோடும் ஒத்துப்போகிற நடுவாந்திரமான ஒரு டிரைவரைத் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறாள். பட்டை ஓடுகிறது. திரையில் சீல் ஒவ்வொன்றாக வந்து, பச்சைக் கட்டமும் சிவப்புக் கட்டமும் விழுகிறது. அவள் முகத்தை அப்படி நான் முன்னேயும் பார்த்ததில்லை, பின்னேயும் பார்த்ததில்லை. மார்க் ஷீட்டை நீட்டிக்கொண்டு ஓடிவருகிற பிள்ளை முகம். எங்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொத்தி என்ன? ரகுநாதன் கேபின் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். "வெரிகுட் பானு, வெரிகுட்" என்று கை தட்டினார். எங்கள் பக்கம் திரும்பி, இன்றைக்கு ஷிப்டை முடித்துவிட்டுப் போங்கள், மற்றதைப் போனில் சொல்கிறேன் என்றார். அந்தப் போன் இன்றுவரை வரவில்லை. பானுவையும் அவர்கள் நிரந்தரமாக்கவில்லை.

கஸ்தூரி எழுந்து போனாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அறைய வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அவள் திரைக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு சீலில் மயிரிழைக் கீறல் ஒன்று வந்தது. அதன் மேல் சிவப்புக் கட்டம் சரியாக விழுந்தது.

"நல்லா பாக்குதுடி" என்றாள்.

பானு அழ ஆரம்பித்தாள். கஸ்தூரி திரும்பி வந்து, தன் தொட்டியில் மிச்சமிருந்ததைப் பார்த்து முடித்தாள்.

ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா, உன் சோத்துக்கே உலை வெச்சிட்டாளே, அந்தப் பாவிய ரெண்டு போடத் தோணலையா என்று நடுரோட்டில் கத்தினேன். கஸ்தூரி பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ அம்மா சாவறப்ப அவளுக்குப் பத்து வயசுடி" என்றாள். "நான் அந்த மேசைல குந்திகினுதான் அவள காலேஜ் வரிக்கும் படிக்க வெச்சேன். படிச்சதுக்கு ஒரு வேலை வந்தா மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும்னு சத்தியம் வாங்கிகினேன். இன்னிக்கு வந்துட்சி அண்ணின்னு சொல்லிட்டா. இன்னான்னு அடிக்கறது?"