அருகம்புல் மாலையில் கோரை

மலேசியாவின் ரெம்பியாவில் எங்கள் கோயிலில் விநாயகர் சதுர்த்திக்குக் குடும்பத்துக்கு ஒரு வேலை. அருகம்புல் மாலை மட்டும் வருஷா வருஷம் எதிர்வீட்டு அக்காவுக்கே போகும். சண்டை போட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இந்த வருஷம் அதை நான் வாங்கிவிட்டேன். விடுவேனா? செம்பனைத் தோட்டத்து வாய்க்கால் ஓரத்தில் ஒரு பை நிறைய அறுத்து வந்தேன்.

சதுர்த்தியன்று காலையில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தபோது என் தங்கை வந்தாள். இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஒரு தண்டை எடுத்து விரலில் உருட்டினாள்.

“அக்கா, இது புல்லே இல்ல லா. கோரை.”

“போடி! பச்சையா, ஒல்லியா இருக்கு. புல்லு இல்லாம பூசணிக்காயா?”

“உருட்டிப் பாரு. மூணு பட்டையா இருக்கு, கணுவே இல்ல. புல்லுத் தண்டு உருண்டையா, கணுக்கணுவா இருக்கும். பூக்கிற செடியில ஒத்தை விதையிலை உள்ளது ஒரு கூட்டம். அதுல புல்லு ஒரு குடும்பம், கோரை வேற குடும்பம். நெல்லு, கரும்பு, மூங்கில், சம்பாலுக்குப் போடுற எலுமிச்சை வாசனைச் செராய், எல்லாம் புல்லுதான்.”

மூங்கில் புல்லாம், நான் அறுத்தது புல் இல்லையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உருட்டினால் மூன்று பட்டையும் விரலில் உறுத்தத்தான் செய்தன. அபிஷேகத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. எதிர்வீட்டு அக்காவுக்குத் தெரிந்தால் தீபாவளி வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இருவரும் கோயிலுக்குப் பின்னால் உள்ள பந்துத் திடலுக்கு ஓடினோம். முந்தின நாள்தான் மெஷின் வைத்து வெட்டியிருந்தார்கள். பட்டுப்புடவையோடு முட்டி போட்டுத் தேடினேன். மெஷின் எட்டாத கோல் கம்பத்தடியில், விரல் விரித்த மாதிரிப் பூவோடு அருகு நீளநீளமாகப் படர்ந்திருந்தது. ஐயோ, அந்தச் சந்தோஷம்!

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்காவே வந்து நின்றார்.

“என்னம்மா தேடுற?”

மறைக்க வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கோரைத் தண்டைக் காட்டிச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதை வாங்கி மெதுவாக உருட்டினார்.

“நானும் அந்த வாய்க்கால்லதான் அறுப்பேன்,” என்றார். “இத்தனை வருஷமும் சாமிக்கு இதையா போட்டேன்?” அவர் கண் கலங்கிவிட்டது.

ஊர் முழுக்கச் சொல்ல இதைவிட நல்ல விஷயம் எனக்குக் கிடைத்ததே இல்லை. நாக்கு நுனி வரை வந்ததை முழுங்கினேன்.

“பிள்ளையார் என்ன பயோலஜி பரீட்சையா வைக்கிறாரு? உக்காருங்கக்கா. நான் பறிச்சுத் தாரேன், நீங்க கட்டுங்க. என் முடிச்சு நிக்காது.”

அன்றும் மாலை அக்கா கையால்தான் சாமிக்குப் போனது. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. பொய். கொஞ்சம் இருந்தது.