யோகம்மாவின் முகம்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகில் இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில், சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த யோகம்மா பதினொரு வருடமாக நோயாளர் வாட்டைக் கூட்டிக் கழுவி வந்தாள். படித்தது மூன்றாம் வகுப்புவரைதான்.

1959இல் ஒரு மத்தியானம், பிள்ளை பெற்று ஆறு மணித்தியாலமான கிண்ணியாப் பெண் ரபீக்காவின் கட்டிலடிக்கு வாளியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நாடி சரி, காய்ச்சல் இல்லை என்று தாதி எழுதிவைத்திருந்தாள். யோகம்மா நேரே டொக்டர் கனகசுந்தரத்திடம் போனாள்.

“ஐயா, அந்தப் பிள்ளை சரியில்லை.”

“என்னண்டு தெரியும்?”

“சொல்ல ஏலாது. பார்க்கேக்க வயித்துக்க என்னவோ செய்யுது.”

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் போய்ப் பார்த்தார். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ரபீக்கா பிழைத்தாள்.

யோகம்மாவின் நிம்மதிதான் போயிற்று. “இண்டைக்கு எப்படி?” என்று டொக்டர் தினமும் கேட்டார். கேட்டால் ஒன்றும் தோன்றாது. கதை மூதூர்வரை பரவியது. நோயாளரின் சொந்தக்காரர் அவள் முகத்தையே பார்த்திருந்தார்கள். ஒருநாள் பல்வலியில் முகம் சுளித்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒப்பாரி எழுந்தது. அன்றிலிருந்து எல்லோரையும் பார்த்துச் சிரிக்கப் பழகினாள்.

பிறகு அசனா என்ற ஒரு தாயின் நாலு வயது மகள் காய்ச்சலோடு வந்தாள். யோகம்மாவுக்கு எதுவும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை இறந்தது.

“நீங்க சிரிச்சீங்களே அக்கா,” என்றாள் அசனா. “அதைப் பார்த்துத்தானே நான் பிள்ளைய விட்டிட்டு வீட்ட போனனான்.”

அடுத்த கிழமையே யோகம்மா மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு துணி தோய்க்கும் கொட்டிலுக்கு மாறினாள். அங்கே முகங்கள் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, மழைக்காலத்து விடியற்காலையில், தோய்க்க வந்த விரிப்பொன்றை உதறினாள். வயிற்றுக்குள் அதே உணர்வு. விரிப்பில் கறையில்லை. வாடை மாறியிருந்ததா என்றும் நிச்சயமில்லை. தொட்டிக்குள் போட்டாள், திரும்ப வெளியே எடுத்தாள். மூலையில் மையால் எழுதியிருந்த கட்டில் இலக்கத்தைப் பார்த்தாள். ஈரக்கையோடு பின்படியால் ஏறி, நோயாளர் கண்ணில் படாமல் டொக்டரின் கதவைத் தட்டினாள்.

“பதினாலாம் கட்டிலை ஒருக்காப் பாருங்கோ ஐயா. நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ.”

ஓய்வு பெறும்வரை அந்தப் படியில் இருபது தடவையாவது ஏறியிருப்பாள். சில தடவை சரியாக இருந்தது. சில தடவை வெறும் பயம். ஏறும்போது எது எதுவென்று அவளுக்குத் தெரிந்ததேயில்லை. டொக்டர் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்தார்.