பூட்டிய வீடுகளின் வருமானம்

அலுவலகத்தில் அவளுக்கு நடுவீட்டம்மா என்று பெயர். மாவட்டத்து வீடுகளையெல்லாம் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்கிற வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று ஆண்டுதோறும் மதிப்பிடுவது அவள் வேலை. குலுக்கலில் விழும் சில நூறு வீடுகளைக் கேட்டு, அதிலிருந்து கணக்குப் போடுவாள். சராசரி போதாதா என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். "ஒரு பண்ணைக்காரர் சம்பாத்தியத்தைப் பத்துக் கூலிக்காரங்க தலையில பங்கு போட்டு, எல்லாரும் வசதின்னு எழுதவா?" என்று பிடித்துக்கொள்வாள்.

செங்கல் சூளைகள் வந்த நாளிலிருந்து நடுவீட்டு வருமானம் ஏறிக்கொண்டே வந்தது. அதிகாரிக்கு வாயெல்லாம் பல். இந்த ஆண்டு அது சுகாதாரத் துறை வகுத்த எல்லையையும் தாண்டிவிட்டது. இனி இது ஏழை மாவட்டம் இல்லை. எனவே வாரந்தோறும் வரும் இலவச மருத்துவ வேனும் இல்லை. சூளையில் விழுந்து இடுப்பு ஒடிந்த அவள் தங்கை கணவர் அந்த வேனை நம்பித்தான் இருந்தார். அதற்காக எண்ணைத் திருத்துகிற ஆள் இல்லை அவள். உண்மை அதுதான் என்றால் வேன் போகட்டும் என்று முடிவு செய்தாள். செய்துவிட்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தாள்.

விடுமுறை நாளில் மளிகைப் பையோடு தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை வழக்கம்போலப் பையைத் திருப்பித் தந்தாள்.

"எதுக்குக்கா இதெல்லாம்? எங்களுக்கு என்ன குறை?"

"உங்க வீடு குலுக்கல்ல விழுந்துச்சே, ஆள் வந்தாங்களா?"

"நான் சூளையில இருந்தேன், இவர் ஆஸ்பத்திரியில. எங்களுக்குப் பதிலா, பக்கத்து வீட்டு ரிட்டயர் ஆன வாத்தியார் வருமானத்தைக் கேட்டு எழுதிட்டுப் போனாங்களாம்."

நடுவீட்டம்மாவுக்குத் திக்கென்றது. வீடு பூட்டியிருந்தால் அதற்குப் பதில் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொள் என்பது யாரோ என்றோ ஆரம்பித்த வழக்கம். அதில் ஒருவருக்கும் தப்புத் தெரியவில்லை, இவளுக்குமே தெரியவில்லை. பட்டப்பகலில் வீட்டில் இருப்பவர்கள் யார்? ஓய்வூதியக்காரர், கடைக்காரர், நிலம் வைத்திருப்பவர். சூளைக்குப் போனவர்கள் வீட்டில் பூட்டுத் தொங்கும். சூளைகள் பெருகப் பெருகப் பூட்டுகளும் பெருகின, அந்தப் பூட்டுகள்தான் வருமானத்தை ஏற்றிக் காட்டியிருக்கின்றன.

அதிகாரி நல்ல மனிதர், ஆனால் இதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வருஷா வருஷம் ஏறுதுன்னு சொல்லிட்டு, இப்ப இல்லைன்னா நம்மளை என்னம்மா நினைப்பாங்க?"

"ஆள் இல்லாத நேரமாப் பார்த்துப் போய்ட்டு, அப்படி ஆளே கிடையாதுன்னு எழுதிட்டோம்னு சொல்லுங்க சார். ஜீப் மட்டும் குடுங்க. பூட்டின வீடு அத்தனைக்கும் தினம் விடியறதுக்கு முன்னாடி போய்க் கேட்டுடறேன்."

கேட்டாள். நாய்கள் துரத்தின, முழங்கால் உயிரை வாங்கியது, அவள் விடவில்லை. அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில் கதவைத் தட்டி, கிளம்புகிற அவசரத்தில் இருந்தவர்களிடம் கேட்டு எழுதினாள். ஒரு வாரத்தில் சூளைக் கூலி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

கடைசியில் தங்கை வீடு வந்தது. உறவுக்காரர் வீட்டில் தான் கேட்கக்கூடாது என்பது விதி. கூட வந்த கணக்கெடுப்பாளரை அனுப்பிவிட்டு அவள் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். தங்கை வாசலுக்கு வந்தாள், ஜீப்பைப் பார்த்தாள், ஒரு தொகையைச் சொன்னாள். அது தெரு முழுக்கக் கேட்டது. சூளை மேஸ்திரிக்குக்கூட அவ்வளவு வராது.

திருத்தினால் விதியை மீறியதாகும். விட்டால் பொய் கணக்கில் ஏறும். அவள் ஜீப்பிலிருந்து இறங்கினாள், தெருமுனைவரை நடந்துபோய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போகிறவர்களெல்லாம் விசித்திரமாகப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள்.

"இப்ப சரியாச் சொல்லிட்டேன். முதல்ல சொன்னது உனக்காகச் சொன்னது."

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"அதுல பாதிகூட வராதுக்கா. தெரிஞ்சா நீ வாயைக் கட்டி வயித்தைக் கட்டி எனக்குக் கொண்டுவந்து கொட்டுவே. அதான் சொல்லல." சொல்லிவிட்டுச் சூளை லாரி நிற்கும் இடத்துக்கு ஓடினாள்.

புதுக் கணக்கில் நடுவீடு எல்லைக்குக் கீழே இறங்கியது. பழைய ஆண்டுகளில் பூட்டியிருந்த வீடுகளையும் அந்தந்த ஆண்டுச் சூளைக் கூலியை வைத்துச் சேர்த்துப் போட்டுப் பார்த்ததில், ஏறிக்கொண்டிருந்த கோடு தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அதிகாரி பெருமூச்சு விட்டபடி கையெழுத்துப் போட்டார். வேன் தங்கியது. அவளால் சந்தோஷப்படவும் முடியவில்லை.

சம்பள நாளில் மளிகைப் பையோடு மறுபடி தங்கை வீட்டுக்குப் போனாள். எதுக்குக்கா என்று கேட்பாள், என்ன பதில் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். தங்கை எதுவும் கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.