வலது கால் மீது ஒரு வழக்கு

அவளுக்குப் போகிற வீடுகளில் எல்லாம் 'ஊசியம்மா' என்றுதான் பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஐந்தரைக்குக் காரை எடுத்தால், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் பன்னிரண்டு, பதினான்கு வீடுகளில் ரத்தம் எடுத்து, குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி, ஒன்பது மணிக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக இதே ஓட்டம். மற்றவர்கள் மூன்று முறை குத்தியும் கிடைக்காத நரம்பு அவளுக்கு ஒரே குத்தில் கிடைக்கும். அப்படிப்பட்டவளைப் பார்த்து, பிரேக் எது ஆக்ஸிலேட்டர் எது என்று தெரியாதவள் என்று நாலு பேர் சொன்னால் எரிச்சல் வருமா, வராதா?

நடந்தது இதுதான். பாலத்து ஏற்றத்தில் முன்னால் ஒரு மண் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. மணி எட்டே முக்கால். முந்துவதற்காக ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தாள். லாரியைத் தாண்டியதும் காலை எடுத்தாள். அவள் கால் எடுத்ததை வண்டி பொருட்படுத்தவே இல்லை. பாலத்தின் மறுபக்கச் சரிவில் கல்லை உருட்டிவிட்டது போல ஓடியது. இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்தினாள். எரிந்த ரப்பர் வாடை வந்ததே தவிர வண்டி அடங்கவில்லை. கடைசியில் கியர்க் கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளியதும் இழுவை விட்டது. அதற்குள் வண்டி சாலையோரப் பூந்தொட்டிக் கடைக்குள் நுழைந்து, இரண்டு வரிசைத் தொட்டிகளை ஓடாக்கிவிட்டு நின்றது. நின்ற பிறகும் இன்ஜின் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. தொட்டிக்கடைக்காரர்தான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார்.

"உசுரோட இருக்கீங்களா? இருந்தா சரி. தொட்டி போனாப் போகுது, மண்ணுதானே," என்றார் அவர்.

அன்று அவளிடம் அன்பாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். குளிர்ப்பெட்டி கவிழ்ந்து ஆறு பேருடைய ரத்தம் வீணாகியிருந்தது. மறுநாள் அந்த ஆறு பேரும் மறுபடி பட்டினி கிடந்து கையை நீட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொருவரிடமும் அவள் காரணம் சொன்னாள். ஒவ்வொருவரும் தலையை ஆட்டியபடி அவள் காலைத்தான் பார்த்தார்கள்.

வீட்டில் விசாரணை நடந்தது. கணவர் பெயிண்ட் கிடங்கில் பொருள் காப்பாளர். குணத்திலும் அதே வேலைதான். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, அந்த உறை கிழியாமலிருக்க அதற்கு மேல் ஒரு துணிப்பை. சோபாவுக்கு விரிப்பு, அந்த விரிப்பு அழுக்காகாமல் இருக்க இன்னொரு விரிப்பு. அந்த சோபாவின் நிறம் என்ன என்று மகளுக்கு இன்றுவரை தெரியாது. பதினாறு வயதான அந்தக் காரையும் அவர் அப்படித்தான் காப்பாற்றி வந்தார். அதில் குற்றம் சொன்னால் குழந்தையைக் குற்றம் சொன்னது போல.

"பதினாறு வருஷத்துல என்னை ஒரு நாள் இப்படி இழுத்திருக்கா?" என்று கேட்டார்.

"நீங்க ஓட்டினா வண்டிக்கே ஓடுறோமா நிக்கிறோமான்னு சந்தேகம் வரும். அது எங்கே உங்களை இழுக்கும்?"

கொழுந்தனும் வந்திருந்தான். எதைப் பற்றியும் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்லும் ரகம்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. பதட்டத்துல கால் மாறிப் போறது உலகம் முழுக்க நடக்குது. நாம பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டரை மிதிப்போம். நெனப்பு பிரேக்குலயே இருக்கறதால தெரியாது."

"நின்ன பிறகும் இன்ஜின் கத்திச்சே தம்பி? கடைக்காரரே பார்த்தாரே?"

"அப்போ நின்ன பிறகும் மிதிச்சிட்டே இருந்திருக்கீங்க."

அவள் எந்தச் சாட்சியைக் கொண்டுவந்தாலும் அது அவளுக்கு எதிராகவே திரும்பியது. கால் மாறியவளுக்குக் கால் மாறியது தெரியாது. எனவே மாறவில்லை என்று அவள் உறுதியாகச் சொல்வதே மாறியதற்கு அத்தாட்சி. தப்பிக்க வாசலே இல்லாத வாதம் அது. வாசல் இல்லாததை உறுதியான வீடு என்று சிலர் நினைக்கிறார்கள். கொழுந்தன் அந்த ரகமும்கூட.

மெக்கானிக் இரண்டு தடவை வண்டியைப் பார்த்துவிட்டார். கேபிளை மாற்றினார், எண்ணெய் விட்டார், ஓட்டிப் பார்த்தார். வண்டி பூனைக்குட்டி மாதிரி ஓடியது. "வண்டியில ஒண்ணுமில்ல சார்," என்று கணவரிடம்தான் சொன்னார், ஓட்டியவளிடம் அல்ல. அன்றே கணவர் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கொஞ்ச நாள் நான் வெச்சிருக்கேன்."

செய்தி கூடம்வரை போயிற்று. மேற்பார்வையாளர் அவளை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நல்ல செய்திக்கு அங்கே யாரும் நாற்காலி போடுவதில்லை.

"உங்க கைக்கு யாரும் ஈடில்லம்மா. ஆனா ரோட்டுல ஒண்ணு ஆச்சுன்னா கூடத்துக்குத்தான் கெட்ட பேரு. திங்கக்கிழமையிலேர்ந்து கவுண்டர்ல உட்காருங்க. வீட்டுச் சுத்து வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

"வண்டியிலதான் கோளாறுன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா சொல்லுங்க."

அன்று வியாழக்கிழமை. கவுண்டர் என்பது ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் ஒரு ஓட்டை, ஒரு சீட்டு எந்திரம். பெயர், வயது, சாப்பிட்டீங்களா, உட்காருங்க. நாள் முழுக்க இவ்வளவுதான் பேச்சு.

இதில் அவளை அதிகம் அரித்தது இன்னொன்று. வெள்ளிக்கிழமை அடுப்படியில் நின்றுகொண்டு வலது காலைத் தூக்கி, பிரேக் இங்கே, ஆக்ஸிலேட்டர் இங்கே என்று தரையில் மிதித்துப் பார்த்தாள். ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ? தன் காலையே தான் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது தெரிந்தபோது, பாலத்தில் வராத பயம் வந்தது.

"என்னம்மா, சாம்பாருக்குத் தாளம் போடறியா?" என்று கேட்டாள் மகள்.

"போடி. என் கால் என் பேச்சைக் கேக்குதான்னு பாக்கறேன்."

"அப்பா பேச்சைக் கேக்காத கால்தானே அது, பயப்படாதே."

சனிக்கிழமை அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மூன்றாவது முறையாகப் பார்க்கச் சொல்லி வண்டியை முந்தின நாளே அங்கே விட்டிருந்தார்கள்.

"அண்ணே, என்னை உக்கார வெச்சுக்கிட்டு அதே பாலத்துல ஓட்டுங்க. நான் மிதிச்ச மாதிரியே மிதிங்க."

மெக்கானிக் பெருமூச்சு விட்டபடி ஏறினார். பாலத்தில் ஓங்கி மிதித்தார், வண்டி சீறியது. காலை எடுத்தார், அடங்கியது. நான்கு முறை போனார்கள். நான்கு முறையும் சொன்ன பேச்சைக் கேட்டது.

"போதுமாக்கா? நான் சொன்னா நம்ப மாட்டேங்கறீங்க."

"என்னை யாரும் நம்பலையே அண்ணே. நான் மட்டும் எல்லாரையும் நம்பணுமா?"

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் வண்டியை ஒப்படைக்கத் தயார்செய்தார். அந்தப் பட்டறையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதல் வேலையாகக் கால் மிதியடிகளை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தரையில் செய்தித்தாள் விரிப்பார்கள். தங்கள் கால் கிரீஸ் ஒட்டக்கூடாது என்று. வேலை முடிந்ததும் தாளை உருவிவிட்டு மிதியடியைத் திரும்ப வைப்பார்கள். மெக்கானிக் தாளை உருவினார். டிரைவர் பக்கத்துக்குரிய மிதியடியைத் தரைக் கொக்கியில் மாட்டினார். பிறகு அதற்கு மேல், விளிம்பு தூக்கிய தடித்த ரப்பர் மிதியடி ஒன்றை வைத்துத் தட்டிவிட்டார்.

"அது எதுக்கண்ணே ரெண்டாவது?"

"சார்தான் போட்டிருக்கார். அடியில இருக்கறது புதுசு, அழுக்காகக்கூடாதாம். மேல இருக்கறது கிடங்குலேர்ந்து கொண்டாந்து வெட்டிப் போட்டது. எடுத்தது எடுத்தபடி வைக்கணும்னு சொல்லியிருக்கார்."

"நீங்க ஓட்டிப் பார்க்கறப்போ இது உள்ளே இருந்திருக்கா? ஒரு தடவையாவது?"

அவர் சுவரோரத்தைத் திரும்பிப் பார்த்தார். "இல்லையேக்கா, வண்டி வந்ததுமே எடுத்து அங்கேதானே சாய்ச்சு வைப்போம்."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். மேல் மிதியடிக்குக் கொக்கி கிடையாது; இழுத்தால் வந்தது, தள்ளினால் போயிற்று. தினமும் பதினான்கு முறை ஏறி இறங்குகிறவளின் குதிகால் அதை எவ்வளவு தூரம் முன்னே தள்ளியிருக்குமோ அவ்வளவு தள்ளினாள். இன்ஜின் ஓடவில்லை. ஆக்ஸிலேட்டரைக் கையால் கடைசிவரை அழுத்தினாள். கையை எடுத்தாள். பெடல் வரவில்லை. ரப்பரின் தூக்கிய விளிம்பு அதன் அடியைக் கவ்விப் பிடித்திருந்தது.

"அட!" என்றார் மெக்கானிக். "அக்கா, அதை எடுங்க முதல்ல."

"தொடாதீங்க. யாரும் தொடக்கூடாது."

கணவருக்குப் போன் போட்டாள். கிடங்கிலிருந்து அரை மணியில் வந்தார். மெக்கானிக்கிடம் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். மிதியடியை இழுத்து விடுவித்தார். திரும்ப வைத்து மெதுவாக அழுத்தினார். பெடல் மேலே வந்துவிட்டது. "வருதே?" என்று முகம் மலர்ந்தார்.

"முழுசா மிதிங்க."

"எதுக்கு முழுசா மிதிக்கணும்?"

"முன்னால மண் லாரி போகுது. மணி எட்டே முக்கால். பொட்டியில ஆறு பேரோட ரத்தம் இருக்கு. மிதிங்க."

மிதித்தார். காலை எடுத்தார். பெடல் அங்கேயே கிடந்தது. இன்னொரு முறை மிதித்தார், அப்போதும் அப்படித்தான். தாலி கட்டிய நாளிலிருந்து இந்த மனிதர் வாயிலிருந்து 'தப்பு என்னுது' என்ற சொல்லை அவள் கேட்டதில்லை. இன்றாவது வருமா என்று காத்திருந்தாள்.

"நல்ல ரப்பர்," என்றார் அவர். "முன்னாடி ஒரு விரல் அளவு வெட்டிட்டா போதும்."

மெக்கானிக் ஏதோ தேடுவது போல வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அவள் அந்த ரப்பரை இரண்டு கையாலும் உருவி, பட்டறைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கணவர் ஓர் அடி முன்னால் வைத்து, பிறகு அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அதற்குள் அவர் போன் அடித்தது. தம்பிதான்.

"ஆமாண்டா, கண்டுபிடிச்சாச்சு. பெடல்ல மிதியடி மாட்டியிருக்கு. மெக்கானிக் நல்லாப் பார்த்திருக்கார்..."

அவள் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார்.

"தம்பி, மெக்கானிக் இல்ல, நான். தரையில மண்டி போட்டு நான் கண்டுபிடிச்சேன். என் கால் மாறல. உங்க அண்ணன் கிட்டயும் ஒரு தடவை சத்தமா சொல்லிடுங்க, அவருக்கு நான் சொன்னா காது கேக்காது." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கையை நீட்டினாள். "சாவி."

"நானே ஓட்டறேனே, நீ காலையிலேர்ந்து அலைஞ்சிருக்கே..."

"சாவிங்க."

சட்டைப்பையிலிருந்து சாவி வந்தது. அவள் ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, மேற்பார்வையாளரை அழைத்தாள். திங்கட்கிழமை எந்தெந்த வீடுகள் என்று அனுப்பிவைக்கச் சொன்னாள். கோளாறு என்ன என்று அவர் கேட்டதற்கு, "எங்க வீட்டுக்காரரோட அக்கறை," என்றாள். கணவர் பக்கத்து இருக்கையில் ஏறி, கதவை வலிக்காத மாதிரி சாத்தினார்.