வால் அறுந்த நாவல்கள்

எங்கள் வீட்டில் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள இரண்டு பேர். ஒருவர் அப்பா, துறைமுகத்தில் வேலை, காலையில் பேப்பரை வரி விடாமல் படிப்பார். இன்னொருத்தி நான், தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் மூவரில் அதிக நாவல்களை முடித்தவள் அம்மாதான்.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எங்கள் மாடியறைக்கு நாலு கடை தள்ளி, படிக்கட்டுக்கு அடியில் ஒருவர் நாவல்களை வாடகைக்கு விட்டார். எல்லாம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தவை. மட்டமான காகிதம், துருப்பிடித்த தையல் கம்பி, அட்டையில் கண்ணீரோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒருவன். அட்டையின் சிவப்பு விரலெல்லாம் ஒட்டும். அப்பா அவற்றைக் குப்பை என்பார். நான் பள்ளிவிட்டு வந்ததும், அந்தக் குப்பையைத்தான் அடுப்படியில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். அம்மாவின் கை வேலையில் இருக்கும், காது என்னிடம் இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘முற்றும்’ என்று போட்டிருக்கும். அதை நான் விரல் வைத்து வாசித்தால்தான் அம்மாவுக்குக் கதை முடியும். தானும் ஒருதரம் அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்துவிட்டே எழுந்திருப்பாள்.

ஒரு முறை, மாமியாரோடு சண்டையிட்டு வீட்டைவிட்டுப் போன பெண்ணின் கதை வந்து சேர்ந்தது. மூன்று நாளாக அம்மாவுக்கு அவள் கவலைதான். “எங்க போய் நிப்பாளோ” என்று குழம்பு தாளிக்கும்போதும் புலம்பினாள். நான்காம் நாள் அந்தப் பெண் கடற்கரையில் அலையைப் பார்த்து நடந்தாள். நான் பக்கத்தைத் திருப்பினேன். அட்டைதான் இருந்தது. கடைசித் தாளை யாரோ கிழித்திருந்தார்கள்.

அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். “செத்துட்டாளா?”

அந்தக் குரலில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தாள் இல்லை என்று சொன்னால் அன்றைக்கு அவள் சாப்பிடவே மாட்டாள். அட்டையின் உட்புறத்தில் ஒரு கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தேன். அந்தப் பெண் திரும்பி வந்தாள். டிரைஷா வண்டி பிடித்தாள். எங்கள் வீட்டுப் பக்கத்துத் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த மாமியார் அவளைக் கண்டு ஓவென்று அழுதார். இருவரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து சமைத்தார்கள்.

“மெட்ராஸ்லயும் தேக்கா இருக்கா பாப்பா?”

“இருக்கும்மா. அதைப் பாத்துத்தான் இங்க பேர் வச்சாங்களாம்.”

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் தைலப் புட்டியின் மேல் விரலை வைத்து, “முற்றும்” என்றேன். அம்மா குனிந்து பார்த்தாள். வழக்கம்போல அந்த இடத்தையும் ஒருதரம் தடவினாள்.

சாயங்காலம் குழாயடியில் அந்தக் கதையை எல்லாப் பெண்களுக்கும் சொன்னாள், தேக்கா உட்பட. “எல்லாக் கதையும் இப்படி முடிஞ்சா நல்லாருக்கும்லா” என்றார் பக்கத்து அறை அக்கா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாட்டிக்கொள்வோமோ என்ற நடுக்கமும் கூடவே இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து அம்மாவே என்னோடு கடைக்கு வரத் தொடங்கினாள். எனக்கு அது எரிச்சல். ஒவ்வொரு நாவலையும் கடைசிப் பக்கத்தில் திறந்து பார்ப்பாள், திரும்ப வைத்துவிடுவாள். முழுசாக இருக்கும் புத்தகங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வால் அறுந்த ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு திருப்தியாக நடப்பாள். கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

படிக்கத் தெரியாதவள் புத்தகம் எடுத்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். வாரம் தவறாமல் யாராவது ஒருத்தியைத் தேக்காவுக்கு அழைத்து வந்து குடும்பத்தோடு சேர்த்துவைத்தேன். உலகத்து எழுத்துகளிலெல்லாம் அம்மாவுக்குப் பார்த்ததும் அடையாளம் தெரிந்த ஒரே சொல் ‘முற்றும்’ என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.