சாவி வந்த பிறகு தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருந்தேன். டோக்கன் பதினேழு. உட்காரும் முன்பே நர்ஸ் பெண் சொன்னாள்: "தாத்தா, ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு அடக்கிட்டு இருங்க. பிளாடர் ஃபுல்லா இருந்தாத்தான் ஸ்கேன்ல தெரியும்."

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிளாடர் என்றால் கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பை. எழுபத்து நாலு வயதில் எனக்கே காற்றடிக்கிறார்கள்!

குடித்தேன். ஹாலில் பதினொரு பேர். எல்லோரும் அடக்கிக்கொண்டு... ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

பக்கத்தில் மாரியூர்க்கார அம்மாள் ஒருவர். கூடையில் மீன் சுமந்து விற்பவர். பல நாளாக அடிவயிற்றில் வலி. இரண்டு முறை உள்ளே போனவரை, 'பிளாடர் காலி' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இந்தப் பை மீனுக்குள்ள இருந்தா நெட்டின்னு நல்ல வெல போகுது. நமக்குள்ள இருந்தா வலிதான்" என்றார். மடியில் பாட்டில். மூடி திறக்கவில்லை.

"குடிங்கம்மா. ஒரு மணிக்கு டாக்டர் போயிட்டா அடுத்த செவ்வாதான்."

"குடிக்கலாம்ய்யா. பெறகு?"

"பெறகு ஸ்கேன்."

"அதுக்குப் பெறகு?"

அவரே விளக்கினார். கூடையோடு பஸ் ஏறினால், வீடு திரும்பும்வரை அவரும் சரி, அவரோடு வரும் பெண்களும் சரி, தண்ணீர் குடிப்பதில்லையாம். தாகத்துக்கு வெற்றிலை. தெருத்தெருவாய்ப் போகிறவர்கள் எங்கே ஒதுங்குவது?

"ஒரு லிட்டரையும் வயித்துல வச்சுக்கிட்டு சாயல்குடி பஸ்ஸுல குலுங்கச் சொல்றீகளா?"

"இங்கேயே பாத்ரூம் இருக்குமே..."

"பூட்டிக் கெடக்கு. பாத்துட்டுத்தான் உக்காந்தேன்."

நான் பார்க்கவில்லை. நாற்காலி, ஃபேன், டியூப்லைட் எல்லாவற்றையும் எண்ணிவிட்டேன் — அந்தக் கதவைப் பார்க்கத் தோன்றவில்லை. ஆண்பிள்ளைக்கு எந்தச் சுவரும் போதுமே!

கவுன்ட்டருக்குப் போனேன்.

"அது ஸ்டாஃபுக்கு மட்டும், பெரியவரே."

"ஒரு லிட்டர் குடிக்கச் சொன்னது ஸ்டாஃபையா, எங்களையா?"

பின்னால் யாரோ, "அப்படிக் கேளுங்க!" என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அந்த நிலையில் எழுந்து நிற்பது லேசான காரியமா?

சாவி வந்தது. தொலையாதிருக்க உடைந்த ஸ்கேல் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அம்மாளிடம் கொடுத்தேன். அவர் உடனே குடித்துவிடவில்லை. போய்க் கதவைத் திறந்து, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வந்தார். அப்புறம்தான் பாட்டில் வாய்க்குப் போனது — ஒரே மூச்சு, கடைசிச் சொட்டுவரை.

"எம்புட்டு நாளாச்சுய்யா, இப்படிக் குடிச்சு!" என்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்கேன் முடிந்தது. கல் இல்லையாம், கிருமித் தொற்று. டாக்டர் எழுதிய சீட்டை அம்மாள் என்னிடம் நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னார். இரண்டு மாத்திரை. கீழே ஒரு வரி: தண்ணீர் நிறையக் குடிக்கவும்.

சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே கேட்டார்:

"மாத்திர மெடிக்கல்ல தருவாக. சாவி எங்கய்யா தருவாக?"